தொழில் என்ற கட்டம்

கூலிவேலைக்குப் போகிறவர்களை அரசாங்கத்தின் தொழிலாளர் பதிவில் ஏற்றுவது என் வேலை. படிவத்தைக் கண்டாலே கை வியர்க்கும் உங்களுக்கு என் பாடு புரியும். எட்டாவதோடு நின்றவள் நான். மகளிர் குழுவில் என்னைத் தேர்ந்தெடுத்துப் பதிவு செய்யப் போனைக் கையில் கொடுத்த நாளிலிருந்து, எந்த எழுத்தைத் தப்பாகத் தொட்டேனோ என்ற கவலைதான்.

அவ்வளவுதான்

செட்டிகுளத்தில் செல்லம்மா அக்காவுக்கு அறுபது முடிய நாலே நாள். அதற்குப் பிறகு பதிய முடியாது. பதியாவிட்டால் தொழிலாளி என்று எந்த உதவியும் கேட்க முடியாது. அடுத்தவர் காட்டு வெங்காயத்துக்குத் தாள், அதாவது காய்ந்த தழை, அரிந்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். "அக்கா, என்ன தொழில்னு போடட்டும்?" என்றேன். "தொழிலா? வூட்லதான் இருக்கேன்" என்றார். கட்டிலில் இருந்த அவர் வீட்டுக்காரரும் ஒத்து ஊதினார்:

"அவ எங்கம்மா வேலைக்குப் போறா? விடியமுன்ன போனா பொழுது சாஞ்சு வருவா, அவ்வளவுதான்."

பத்து நிமிடம்

'விவசாயக் கூலி' என்று நானே சொல்லிக் கட்டத்தில் போட்டேன். அடுத்த தொல்லை, அக்காவின் ஆதாரில் இருந்தது அவர் மகன் முருகேசனின் போன் நம்பர். அவன் ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் லாரி ஓட்டுகிறான். ஆலைக்குள் போனை அணைத்துவிடுவான். அந்த நம்பருக்கு வரும் ஆறு எண் ஓடிபி பத்து நிமிடத்தில் செத்துப்போகும். இரண்டு நாள் இப்படியே போனது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் அவனே கூப்பிட்டான். லோடு ஏற்றாமல் லாரியை வெளியே ஓரங்கட்டி நின்றிருந்தான். பின்னால் யாரோ அவனைத் திட்டுவது எனக்கே கேட்டது. நான் ஓடிபி அனுப்பினேன்; ஆறு எண்ணையும் நிறுத்தி நிறுத்தி இரண்டு தடவை சொன்னான். "திட்டு வாங்குறியேப்பா" என்றேன்.

"லோடு நாளைக்கும் ஏத்தலாம் சித்தி. அம்மாவுக்கு நாளைக்கழிச்சு வயசு போயிருமே."

அட்டை

பதிவு முடிந்து வந்த அட்டையை எடுத்துக்கொண்டு போனபோது அக்கா வெங்காயக் காட்டிலேயே இருந்தார். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். "என்ன போட்டிருக்கு, படிம்மா" என்றார். படித்தேன். தொழில் வரியை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பக்கத்தில் அரிந்துகொண்டிருந்த பெண்கள் எல்லோரும் கேட்டார்கள். அன்றே ஏழு பேர் பதிந்தார்கள். ஒருத்தியும் தொழில் இல்லை என்று சொல்லவில்லை. செல்லம்மா அக்கா அட்டையை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு சொன்னார்:

"ஆதார்ல இன்னாரு பொஞ்சாதின்னு இருக்கு. இதுலதாம்மா நான் என்ன செய்யறேன்னு இருக்கு."

பெருமையில் நெஞ்சு நிறைந்துதான் வீடு வந்தேன், ஆனால் அக்கா கையிலிருந்த வெங்காயச் சாறு பட்டு அட்டையில் எழுத்து அழிந்துபோகுமோ என்று இன்னும் பயந்துகொண்டிருக்கிறேன்.