தண்ணீரில் இறங்கும் சூல்மா

பரானா ஆற்றின் கிளைகளுக்கு நடுவே இருக்கிற எங்கள் ஊரில் சூல்மா கப்ராலைப் பற்றிப் பேச்செடுத்தால் யாராவது ஒருவர் சிரித்துவிடுவார். வாத்து வேட்டையில் எல்லோருடைய நாயும் தண்ணீரில் இறங்கும், ஆள் படகில் இருப்பார். சூல்மாவிடம் அது தலைகீழ்.

அவளிடம் இருந்த நாய் கோர்ச்சோ, ஜெர்மன் பிராக்கோ என்ற வேட்டை இனம். புல்லுக்குள் கௌதாரி பதுங்கியிருக்கும் இடத்தை மோப்பம் பிடித்து, ஒரு முன்காலை மடக்கி, வால் விறைக்க அசையாமல் நின்று காட்டுவது அந்த இனத்தின் பிறவிக் குணம். கோர்ச்சோவைப் பழக்கியவன் அவளுடைய கொழுந்தன் எவரிஸ்தோ. மூன்று வருடத்துக்கு முன் ரொசாரியோவில் வேலை கிடைத்துப் போனபோது நாயை அண்ணியிடம் விட்டுப் போனான். சூல்மாவின் கணவர் சரக்குப் படகில் மாதக்கணக்கில் போய்விடுகிறவர். குளிர்காலத்தில் அவளே வாத்து சுட்டு, வேகவைத்து, வினிகரில் ஊறப்போட்டுப் பாட்டில்களில் அடைத்து வைப்பாள்.

குண்டடி பட்ட வாத்து ஆகாயத்தாமரைக்குள் புகுந்துகொண்டால் லேசில் கிடைக்காது. கோர்ச்சோ கண்டுபிடித்துவிடும். வயிறுவரை தண்ணீரில் நின்று மூக்கை நீட்டும். கவ்விக்கொண்டு வருவது மட்டும் கிடையாது. கௌதாரிக்குப் பழகிய புத்தி, ஆள் வரட்டும் என்று நிற்கும். சூல்மா மார்பளவு ரப்பர் கால்சட்டையோடு இறங்கி, இலைகளை விலக்கி எடுப்பாள். உங்கள் வீட்டில் நாய் யார் என்று படகுத்துறையில் கேட்பார்கள். அது முதலாளி, நான் வேலைக்காரி என்பாள். அதன் ரோமம் எங்கள் ஊர்க் குளிர்காலமான ஜூலைக்குத் தாங்காதென்று பழைய ரப்பர் உடை ஒன்றை வெட்டி மேல்சட்டை தைத்துப் போட்டிருந்தாள்.

இந்த ஜூனில் எவரிஸ்தோ வேலையை விட்டு ஊரோடு வந்துவிட்டான். நாயைக் கேட்டான். அவனுடையதுதான், அவள் மறுக்கவில்லை. மேல்சட்டையையும் மடித்து நீட்டினாள். கௌதாரி வேட்டைக்கு இதெல்லாம் எதற்கு என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். அன்று மாலை பக்கத்து வீட்டிலிருந்து நான் மாத்தே என்ற இலைப்பானம் குடிக்க அவளிடம் போனபோது கொதித்த தண்ணீரையே இலையில் ஊற்றினாள். இலை கருகிக் கசந்துவிடும் என்று எங்கள் ஊரில் துக்க வீட்டில்கூட அப்படிச் செய்ய மாட்டார்கள். வாயைச் சுட்டுக்கொண்டு குடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் எவரிஸ்தோ அவளுக்குப் போன் செய்தான். வயலையொட்டிய ஏரியில் ஆசைக்கு ஒரு வாத்தைச் சுட்டிருக்கிறான். அடிபட்டது நாணலுக்குள் விழ, நாய் போய் நின்றது, நின்றதுதான். விசிலடித்தும் வரவில்லை. இவனே பூட்ஸோடு இறங்கியிருக்கிறான். நாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை; வாத்தை எடுக்கப் போனாலும் அதைத் தூக்கப் போனாலும் உறுமுகிறதாம். இரண்டு மணி நேரமாக நடுங்கிக்கொண்டு நிற்கிறதாம்.

படகில் அவளோடு நானும் போனேன். எனக்கு நீச்சல் தெரியாது, ஆனாலும் அவளைத் தனியாக அனுப்ப மனம் வரவில்லை.

எவரிஸ்தோ இடுப்புவரை நனைந்து கரையில் உட்கார்ந்திருந்தான். "செத்துரும் போல இருக்கு, அண்ணி. யாருக்காக இப்படி நிக்குது?"

அவள் தண்ணீரில் இறங்கினாள். குரல் கொடுத்தபோதும் நாய் தலையைத் திருப்பவில்லை. வால் நுனி மட்டும் ஒரு தடவை அசைந்தது. நாணலை விலக்கி வாத்தைத் தூக்கினாள். அதற்குப் பிறகுதான் கோர்ச்சோ மடக்கிய காலைக் கீழே வைத்தது. நாயைக் கரைக்குத் தூக்கிக்கொண்டு வந்து தன் கம்பளிக் கோட்டைச் சுற்றித் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

எவரிஸ்தோ கயிற்றோடு பக்கத்தில் வந்து நின்றான். "நான் பழக்குனதை நீ கெடுத்து வச்சிருக்கே."

"கெடுத்துத்தான் வச்சிருக்கேன். இப்ப என்னங்கிறே?"

"என்னங்கிறது? உன்கிட்டயே இருக்கட்டும். ஒவ்வொரு வாத்துக்கும் உனக்குப் போன் போட என்னால ஆகாது."

அவள் வாத்தை அவன் கையில் திணித்தாள். பிறகு, பூட்ஸைக் கழற்றிவிட்டு வீட்டுக்கு வா, சூப் வைக்கிறேன் என்றாள்.

திரும்பும்போது துடுப்பு என் கைக்கு வந்தது. அவள் மடியில் கோர்ச்சோ இருந்தது, துடுப்புக்கு இடம் இல்லை.