உப்பில்லா விரதம்

புரட்டாசியில் புத்தூரிலிருந்து திருமலைக்கு நடந்துபோனோம். என் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் நடந்து வருவதாக என் கணவர் வேண்டிக்கொண்டிருந்தார். ஒரு வாரமாக உப்பில்லாமல்தான் சாப்பிட்டார்.

வெயில் கொளுத்தியது. வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல்கள். கேட்காமலே சொம்பு சொம்பாக ஊற்றினார்கள். ரேணிகுண்டா அருகே அவர், "விரல் வீங்கிக்கினு மோதிரம் இறுக்குதும்மே, தலை வேற பொளக்குது" என்றார். வாந்தியும் எடுத்தார். பந்தலிலிருந்து ஒருவர் ஓடிவந்தார். "வெயில்தாம்மா. தண்ணி குடுத்துக்கினே இரு, சரியாப் பூடும்." நானும் தலையைத் தாங்கிக் குடிக்கவைத்தேன். கொஞ்ச நேரத்தில் என்னைப் பார்த்து, "நீ யாரும்மா?" என்றார். பிறகு வலிப்பு வந்தது.

திருப்பதி ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார்: "வேர்வையில உப்பு போயிடுச்சு. மேல மேல வெறும் தண்ணியா குடிச்சதுல ரத்தத்துல உப்பு ரொம்பக் கொறைஞ்சி, தண்ணியெல்லாம் செல்லுக்குள்ள பூந்துடுச்சும்மா. விரல் வீங்கினா தோல் இடம் குடுக்கும். மூளை வீங்கினா மண்டையோடு குடுக்காது."

மறுநாள் அவர் போய்விட்டார். மோதிரத்தை வெட்டித்தான் எடுத்தார்கள்.

பந்தல்காரர்களை நினைத்தால் ஆத்திரம் வரும். ஆனால் யாரைத் திட்டுவது? நல்ல மனசோடுதான் ஊற்றினார்கள். கடைசிச் சொம்பைக் கொடுத்தது என் கை.