செய்முறையில் முழு மதிப்பெண்

தொழிற்படிப்பு முடித்த அண்ணன் மகள் ஜெபாவுக்கு வேலை கேட்டு, அவளோடு பேட்டையில் ஒரு லேத் பட்டறைக்குள் நுழைந்தேன். சூடான இரும்பில் எண்ணெய் பட்ட வாசம் முகத்தில் அடித்தது.

ராதாபுரத்துப் பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளியில் ஓர் அறையிலிருந்து இந்த எண்ணெய் வாசம் வரும். உள்ளே தொழிற்பிரிவுக்கென்று வந்த, இரும்பைக் கடையும் லேத் மெஷின் இருந்தது. சொல்லித்தர வாத்தியார் வராததால் அறை பூட்டியே கிடந்தது. அண்ணன் அந்த மெஷினைப் படமாக வரைந்தே படிப்பை முடித்தான். செய்முறையில் முழு மதிப்பெண் போட்டிருந்தார்கள். பனையேறிவிட்டு வந்து சாயங்காலம் வேதாகமம் வாசிக்கும் அப்பா, அன்று அந்த மதிப்பெண்ணையும் அதே குரலில் உரக்க வாசித்தார். “இனி எம்புள்ள பனை ஏற வேண்டாம்” என்று அம்மா அழுதாள்.

அண்ணன் வேலைக்குப் போக அப்பாவும் அம்மாவும் முழுக்கைச் சட்டை தைத்துக் கொடுத்தார்கள். இதே பேட்டையில், முதல் வாரமே, சுழன்ற மெஷின் அந்தச் சட்டையைப் பிடித்து இழுத்தது. வலது கை போய்விட்டது.

ஆஸ்பத்திரிக்கு வந்த முதலாளி, “சட்டைக் கையச் சுருட்டி விடணும்னு பள்ளிக்கூடத்துல சொல்லித் தரலியாலே?” என்று கேட்டார்.

“மெஷின் ஓடியே நான் பாத்ததில்ல அண்ணாச்சி” என்றான் அண்ணன். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜெபாவும் படிக்கும்போது மெஷினைத் தொட்டதில்லை. பட்டறைக்காரரிடம், “புள்ளைக்கு மொதல்ல வேலையச் சொல்லித் தருவியளா?” என்று கேட்டேன்.

“சர்டிபிகேட் வச்சிருக்கால்லா? பெறகென்ன அண்ணாச்சி?” என்றார்.

அவளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். “அப்போ நான் எங்கதான் வேலைக்குப் போவேன் சித்தப்பா?” என்று கேட்டாள்.