பனி மாசத்து வீடு

நான் பயந்தாங்கொள்ளி என்று யாரும் என் முகத்துக்கு நேரே சொன்னது கிடையாது. சொல்ல வாயெடுக்கும்போது நான் அந்த இடத்தில் இருக்க மாட்டேன்.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் வீடு போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் நாலு மைல் தள்ளி, ஏலத்தோட்டங்களுக்கு நடுவே இருந்தது. தகரக் கூரை, நீலக் கதவு, வாசலில் ஒரு மரத்தக்காளி. சிறு தோட்டக்காரர்களிடம் ஏலக்காயை வாங்கிப் போடியில் கொண்டுபோய் விற்பது என் சோலி. பிள்ளை குட்டி இல்லை. நானும் என் மனைவியும், அப்புறம் கார்த்திகை பிறந்தால் அதோடு சேர்ந்து அவளுக்குப் பிறக்கிற மூச்சிழுப்பும்.

பனி இறங்கிவிட்டால் அவளால் படுக்க முடியாது. சுவரில் சாய்ந்து, உட்கார்ந்தபடியே தூங்குவாள். ஒரு வருஷம் மார்கழியில் ஒரு காலை, அவள் உதடு நீலம் பாய்ந்துவிட்டது. நான் ரோட்டுக்கு ஓடினேன். கீழே இறங்கிக்கொண்டிருந்த ஜீப்பை மறித்தேன். பாய்ந்து ஏறி, "வெரசா விடுப்பா, ஆஸ்பத்திரிக்கு!" என்று கத்தினேன். டிரைவர் நல்ல பிள்ளை, பறந்தான். மூன்றாவது கொண்டை ஊசி வளைவில்தான் மெதுவாகக் கேட்டான்.

"அண்ணே, யாருக்கு மேலுக்கு முடியல?"

"வீட்டுல..." என்று சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. நோயாளியை வீட்டில் விட்டுவிட்டு நான் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்தபோது அவள் பையைக் கட்டி வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். மூச்சு வாங்க, "வந்துட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். போடி டாக்டரிடம் டிரைவரே இந்தக் கதையைச் சொல்லிவிட்டான். டாக்டர் சிரிக்கவில்லை.

"பனி மாசம் மூணும் இவங்களைக் கீழ கொண்டாந்து வையுங்க. இல்லேன்னா ஒருநாள் நீங்க இதே மாதிரி ஜீப்புல தனியாத்தான் போவீங்க."

அன்று விழுந்த அதிர்ச்சியிலிருந்து நான் இன்றுவரை முழுசாக எழுந்திருக்கவில்லை.

மறு வருஷம் ஐப்பசியிலேயே போடியில் ஒரு டீக்கடையில் தரகரைப் பிடித்தேன். வாடகை வீடு கேட்கப் போன ஆள், அரண்மனை வாங்க வந்தவன் மாதிரி பேசினேன். "யாரும் குடியிருந்து புழங்குற வீடு வேண்டாம்யா. அடுத்தவங்க அடுப்புப் புகை ஏறின செவுரு நமக்கு ஆகாது. சும்மா கெடக்குற வீடா, சுத்தமாப் பாரு." தரகர் டம்ளரை ஒரு சுற்றுச் சுற்றி ஆற்றினார். என் முகத்தைப் பார்த்தார். "இருக்குண்ணே. சும்மாவேதான் கெடக்கு" என்றார்.

ஊருக்கு மேற்கே, மலையைப் பார்த்த ஓட்டு வீடு. இரண்டு அறை, சமையற்கட்டு, பின்னால் கிணறு. ஓர் அறையில் பூட்டுத் தொங்கியது. "வீட்டுக்காரவுக பழைய தட்டுமுட்டு" என்றார் தரகர். வாடகை அவர் கையில், சாவி என் கையில். வீட்டுக்காரரை நான் பார்த்ததில்லை, பார்க்கவும் தோன்றவில்லை.

முதல் நாள் மதியம் வந்து இறங்கினோம். அவளை ஜன்னலோரம் கட்டிலில் உட்கார வைத்துவிட்டு நான் டீ போட்டுக்கொண்டிருந்தேன். சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். பூட்டிய அறைக்குள்ளிருந்து ஒரு சத்தம். கிர்ர்ர்ர்ரென்று, இரும்பு வாய் வைத்த ஏதோ ஒன்று பல்லைக் கடிப்பது போல.

அடுத்து எனக்கு நினைவு வந்தபோது தெருவில் நின்றேன். கையில் டீ வடிகட்டி.

குழாயடியில் நின்ற எதிர்வீட்டு அம்மா கேட்டாள்: "என்னண்ணே, இந்த ஓட்டம்?"

"சீனி வாங்க."

"கடை அந்தப் பக்கம்."

என் மனைவி வாசலுக்கு வந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு, "அலாரம் கடியாரங்க" என்றாள். "தெரியும்" என்றேன். என்னை மறுபடியும் விட்டுவிட்டு ஓடிவிட்டீர்களே என்று அவள் கேட்கவில்லை. அவள் கேட்காமல் விட்டவை ஒரு மூட்டை சேரும்.

அன்று ராத்திரி அவள் படுத்துத் தூங்கினாள். நான் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்படி நாலு பனிக்காலம். கார்த்திகையில் இறங்குவோம், மாசியில் ஏறுவோம். நடுவில் நான் மட்டும் காலை ஜீப்பில் மேலே போய்க் காய் வாங்கிக்கொண்டு சாயங்காலம் இறங்கிவிடுவேன். எங்கள் சொந்த வீட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டேன். பார்த்தால் பெருக்க வேண்டி வரும். பக்கத்து மலையாளிச் சேட்டன் வீட்டுப் பிள்ளைகள் மரத்தக்காளியைப் பறிக்கிறார்கள் என்று மாசியில் போய் ஒரு சண்டை மட்டும் தவறாமல் போடுவேன்.

ஐந்தாம் வருஷம் வைகாசியில், ஜீப் டிரைவர் மூலம் தரகர் சொல்லி அனுப்பினார்: "அந்த வீட்டை இன்னொரு பார்ட்டி வருசம் பூராவுக்கும் கேக்குது. அண்ணன் வாங்குறதுன்னா வாங்கிரட்டும், ஒத்தின்னா ஒத்தி. வெரசா முடிவு சொல்லணும்."

ஒத்தி என்றால் ஒரு தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் இருப்பது, காலி செய்யும்போது தொகையைத் திரும்ப வாங்கிக்கொள்வது. எனக்கு வாங்கவும் பயம், ஒத்திக்கும் பயம், விட்டுவிடவோ எல்லாவற்றையும்விடப் பயம். வாங்கினால் ஒன்பது மாசம் பூட்டிக் கிடக்கும், கரையான் குடியேறும். வாங்காவிட்டால் அடுத்த மார்கழியில் அவள் மறுபடி சுவரில் சாய்ந்து உட்காருவாள். ஒரு வாரம் சோற்றைப் பிசைந்தேன், வாய்க்குக் கொண்டுபோக மறந்தேன்.

"வாங்கிருவோமா?" என்று அவளைக் கேட்டேன்.

"எனக்கு மூணு மாசம் படுத்துத் தூங்கணும். அதுக்கு எது தோதோ அதைச் செய்யுங்க. ஆனா இந்தத் தடவை ஓடுறதுக்கு முன்னாடி என்னைக் கூப்பிடுங்க."

வாங்குவது என்று தைரியமாக முடிவெடுத்தேன். அந்தத் தைரியம் கரைவதற்குள் வீட்டை அளந்துவிடலாம் என்று தையல்காரரிடம் டேப்பை இரவல் வாங்கிக்கொண்டு, தரகரிடம்கூடச் சொல்லாமல் போடிக்கு இறங்கினேன்.

தெருவில் திரும்பினேன். என் வீட்டு வாசலில் கோலம். பாயில் மிளகாய் வற்றல் காய்கிறது. ஓட்டுக்கு மேலே புகை.

ஆளில்லாத வீட்டில் யாரோ புகுந்துவிட்டார்கள்! ஓடியிருப்பேன், ஆனால் வாங்கப்போகிற வீடு. "யாரது உள்ள? போலீசைக் கூப்பிடவா?" என்று கத்தினேன். குரல் எனக்கே கேட்கிற மாதிரி வரவில்லை.

கையில் கரண்டியோடு ஒரு பெண் வந்தாள். நாற்பது வயது இருக்கும்.

"யாரு வேணும்?"

"நான் யாரா? நீ யாரும்மா? சும்மா கெடக்குற வீட்டுல பூந்து அடுப்பு வேற எரிக்கிற?"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். என் சட்டைப் பையிலிருந்து வால் மாதிரித் தொங்கிய டேப்பைப் பார்த்தாள். அவள் முகம் வெளிறியது.

"மலைக்கார அண்ணனா?"

பின்கட்டிலிருந்து அவள் புருஷன் முழங்கால் வரை சேற்றோடு ஓடி வந்தார். "வாங்கண்ணே, உக்காருங்கண்ணே" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். நாலு வருஷமாக நான் பூட்டியே பார்த்த அறையிலிருந்து அதை இழுத்து வந்தார். கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளே கொடியில் சேலை, சுவரில் சாமி படம், மடித்த படுக்கை. பலகையில் ஒரு கடிகாரம் டிக் டிக்கென்று என்னைக் கேலி செய்துகொண்டிருந்தது.

அப்போதுதான் என் மண்டையில் விளக்கெரிந்தது. சாவி கொடுத்தால் ஒரு நாள் ஓடுகிற சாதி அது. சும்மா கிடக்கிற வீட்டில் அன்றைக்கு அது எப்படி அலறியது? முந்தின நாள் யாரோ சாவி கொடுத்திருக்க வேண்டும். அந்தக் கடிகாரக் கதையை நாலு வருஷம் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன். இதை மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை.

"நீங்க வர்ற அன்னைக்குக் காலையில அஞ்சு மணிக்கு அலாரம் வச்சு எந்திரிப்போம்ணே" என்றாள் அந்தப் பெண், குற்றம் ஒப்புக்கொள்கிற மாதிரி. "வீட்டக் கழுவி விட்டுட்டு, சாமானையெல்லாம் இந்த ரூம்புல போட்டுப் பூட்டிட்டு மொத ஜீப்புல ஏறிருவோம். ஆளு புழங்குற வீடுன்னா நீங்க வரமாட்டீங்கன்னு தரகரு வாயத் திறக்கக் கூடாதுன்னுட்டாரு."

என் அரண்மனைப் பேச்சு நாலு வருஷம் சுற்றிவிட்டு வந்து என் கன்னத்தில் விழுந்தது.

"ஜீப்புல எங்க தாயி போவீங்க?"

"மேலதான். காய் எடுக்க."

"மேல எங்க?"

புருஷன்தான் சொன்னார். "உங்க வீட்டுக்கு மேல இருக்கே, அந்தத் தோட்டம். உங்க வாசல் வழியாத்தான் தெனமும் போவோம். நீலக் கதவு. பூட்டுத் தொங்கும்." கொஞ்சம் நிறுத்தினார். "மரத்தக்காளி நாலஞ்சு எடுத்திருக்கோம்ணே. கீழ விழுந்ததுதான்."

சேட்டன் வீட்டுப் பிள்ளைகளை மனசுக்குள் வரிசையாக நிறுத்தி மன்னிப்புக் கேட்டேன்.

"ராத்திரி எங்க படுப்பீங்க?"

"காய் உலத்துற ஸ்டோரை ஒட்டி ஒரு தகரச் சாய்ப்பு இருக்கு. சாக்க விரிச்சு, சாக்கப் போத்திக்கிருவோம். பழகிருச்சு" என்றாள் அவள். பிறகு என் கேள்விக்குக் காத்திராமல் அவளே சொன்னாள்: "மக மதுரையில நர்சுக்குப் படிக்கிறா. உங்க வாடகை அப்பிடியே அவ ஆஸ்டலுக்குப் போயிரும்ணே. வருசம் பூரா கேக்குற பார்ட்டின்னு யாரும் இல்ல. வீடும் விக்கிறதுக்கில்ல. தரகரு கமிஷனுக்காக அவராச் சொல்லியிருக்காரு." கரண்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். "இனிமே வரமாட்டீங்களா?"

டேப்பைப் பைக்குள் திணித்தேன். அது மறுபடி வெளியே வந்து தொங்கியது. காப்பி கொடுத்தாள், குடித்தேன். "கேட்டுச் சொல்றேன் தாயி" என்று மட்டும் சொல்லிவிட்டு, இந்தத் தடவை நடந்தே தெருவைத் தாண்டினேன்.

மலையேறி வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தரகரைத் திட்டுவாள், என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் நீலக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னால படுக்கவே முடியாத குளிருல அவ சாக்கப் போத்திப் படுத்திருக்கா. அவ வீட்டுல நான் கம்பளிய மடிச்சு வச்சுட்டுத் தூங்கியிருக்கேன். நம்ம வீடு பூட்டிக் கெடந்திருக்கு."

"அதான் வாங்கவா வேண்டாமான்னு..."

"ஒண்ணும் வாங்க வேண்டாம். கார்த்திகைக்கு இந்த வீட்டுச் சாவிய அவ கையில குடுக்கணும்."

"அப்ப வாடகை?"

"அது அந்தப் புள்ள ஆஸ்டலுக்கு. அதுல கை வச்சீங்கன்னா ஜீப்புல உங்களைத் தனியா அனுப்பிருவேன்."

அப்படித்தான் ஆயிற்று. அந்தக் கார்த்திகையில் நாங்கள் போய் இறங்கியபோது அவர்கள் மூட்டையோடு வாசலில் காத்திருந்தார்கள். முதன்முறையாகப் பார்த்துக்கொண்ட இரண்டு பெண்களும் சாவிகளை மாற்றிக்கொண்டார்கள். வாடகையைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று அந்தப் பெண் பிடிவாதம் பிடித்தாள். என் மனைவி, "சும்மா இருங்க மதினி, மரத்தக்காளி பழுத்துக் கெடக்கு, மேல போயி மொத அதப் பறிங்க" என்று வாயை அடைத்தாள்.

உள் அறையில் பூட்டு இல்லை. ஜீப் கிளம்பியபோது அந்தப் பெண் தலையை வெளியே நீட்டினாள்.

"அண்ணே, கடியாரத்துக்குச் சாவி குடுத்திருக்கேன். அஞ்சு மணிக்கு அடிக்கும். பயந்துறாதீங்க!"

நாலே முக்காலிலிருந்து அதன் எதிரிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து அடித்தது. எழுந்து வாசல் வரை போய்விட்டேன். ஆனால் நிலைப்படியில் நின்று, திரும்பி, "வா, ஓடலாம்" என்று அவளைக் கூப்பிட்டேன்.

அவள் படுத்திருந்தாள். படுத்தபடியே, இழுப்பில்லாமல், வயிறு குலுங்கச் சிரித்தாள்.