எட்டு மாசக் கையெழுத்து

பூச்சி மருந்து அடிக்க லைசன்ஸ் வேணும்னு சொன்னா சிரிக்கறவங்கதான் எச்சு. "ஏனுங்க, கரப்பானைக் கொல்றதுக்குமா கவர்மெண்ட்டுல கேக்கோணும்?"ம்பாங்க. கேக்கோணும். கெமிஸ்ட்ரி படிச்ச டிகிரி வேணும். அதுக்கு மேல வெளியூருல தங்கி எடுத்த பயிற்சி சர்டிபிகேட் வேணும். மருந்து வெக்கறதுக்குப் பூட்டுப் போட்ட தனி ரூம் வேணும், அதை ஆபீசர் வந்து பாத்துட்டுப் போவோணும். எங்க ஊட்டுக்காரருக்குத் தெரியாத பூச்சி இல்லை. ஆனா அவரு பன்னெண்டாவதோட நின்னுபோட்டவரு. கெமிஸ்ட்ரி படிச்சவ நான். அதனால லைசன்ஸ் எம்பேர்ல வந்துச்சு. அவரு அடிப்பாரு, நான் கையெழுத்துப் போடுவேன். நெருப்பெரிச்சல்ங்கற எங்க ஊருல இப்படித்தான் எங்க பொழப்பு ஓடுச்சு.

அப்புறம் அவருக்கு மூச்சு எளைக்க ஆரம்பிச்சுது. மாஸ்க்கைக் கழுத்துல தொங்கவிட்டுக்கிட்டே இத்தனை வருசம் மருந்தடிச்ச மனுசன், வேற என்ன ஆகும்? நான் சொல்லாத நாளில்லை. இனி மருந்துப் பக்கமே போவக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிப்போட்டாரு. அன்னியிலிருந்து மருந்து டேங்கை நாந்தான் முதுகுல மாட்டறேன். சேலை கட்டுனவ டேங்கோட வந்து நின்னா, "ஆளு வரலீங்களா?"ன்னு கேப்பாங்க. நாந்தானுங்க ஆளு.

இந்தத் தொழில்ல லைசன்ஸ் இருக்கறவங்களுக்குத்தான் கஷ்டம். மருந்துக் கம்பெனிக்காரன் ஒவ்வொருக்கா வரப்பவும் வெலையைக் கொஞ்சம் ஏத்திட்டுத்தான் பில்லு போடுவான். ஜி.எஸ்.டி. கட்டோணும், ரினீவல் பண்ணோணும், ரூமுக்கு வாடகை குடுக்கோணும். வண்டியில கைபம்பு வெச்சுக்கிட்டுத் திரியறவனுக்கு இதுல ஒண்ணும் கெடையாது. அவன் பாதி ரேட்டு சொல்லுவான். ஊடுகளுக்கு அடிக்கறதைக் கோயமுத்தூருல இருந்து போன் ஆப்புல ஆர்டர் எடுக்கறவங்க பிடிச்சுக்கிட்டாங்க. நூல் வெலை ஏறுனா, ஆர்டர் கொறைஞ்சா, பனியன் கம்பெனி முதலாளிங்க மொதல்ல நிறுத்தறது டீயையா, பூச்சி மருந்தையான்னு பாத்தா பூச்சி மருந்தைத்தான். கரப்பான் வந்து ஆர்டரை கேன்சல் பண்ணப் போவுதா என்ன?

எங்களுக்குன்னு இருந்த பெரிய இடம் ஒரே ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி. அந்த மாச வருமானத்துலதான் எங்க ஊட்டுல பாதி ஓடும், அவரு மருந்து மாத்திரைச் செலவும் அதுலதான். கம்பெனிக்கு மட்டுமில்லாம, வடநாட்டுப் புள்ளைங்க தங்கற ஹாஸ்டலுக்கும் நாந்தான் அடிச்சேன். அங்க மூட்டைப்பூச்சி. அது சும்மா போவாது. துணியெல்லாம் சுடுதண்ணியில போடோணும், மருந்தடிச்சுட்டு அரை நாளு புள்ளைங்க வெளிய இருக்கோணும், ரெண்டு வாரம் கழிச்சு மறுக்கா அடிக்கோணும். அரை நாளுன்னா ஷிப்ட் போச்சுன்னு கம்பெனியில மொகத்தைச் சுளிப்பாங்க. அந்த நேரம் பாத்து ஒருத்தன் வந்து, அரை மணி நேரத்துல முடிச்சுத் தர்றேன், ரேட்டும் பாதின்னு சொல்லியிருக்கான். அடுத்த மாசம் இருந்து எனக்கு போனே வரலை.

எட்டு மாசம் கழிச்சு ஒரு காலையில அந்தக் கம்பெனி எச்.ஆர். ஆபீசர் போன் பண்ணாரு. தெக்கத்திக்காரரு, எப்பவும் மரியாதையாத்தான் பேசுவாரு. "மேடம், நாளைக்கு நம்ம துணி வாங்கற வெளிநாட்டு பையரோட ஆடிட் இருக்கு. உங்க லைசன்ஸ் ஒரிஜினலை எடுத்துக்கிட்டு ஒரு எட்டு வந்துருங்க."

வேலை செய்யறது வேற ஆளு, எம்பட லைசன்ஸ் எதுக்குன்னு எனக்கு வெளங்கலை. அன்னிக்கே போனேன். பைலை நீட்டுனாரு. மொதல் பக்கத்துல என் லைசன்ஸ் ஜெராக்ஸ். அதைக் குடுக்கறப்ப, எவனாவது வேற இடத்துல காட்டிப்போடுவானேன்னு நெம்ப புத்திசாலித்தனமா குறுக்க எழுதியிருந்தேன்: இந்தக் கம்பெனிக்கு மட்டும். அப்படியே இருந்துச்சு. அதுக்குப் பின்னால எட்டு மாசத்துக்கும் மருந்தடிச்ச ரிப்போர்ட். ஒவ்வொண்ணுக்கும் கீழ நான் போடாத என் கையெழுத்து. கடைசியில நான் இழுக்கற கோடு கூட இருந்துச்சு.

பாதி ரேட்டுக்காரன் எப்படிக் கட்டுப்படியாவறான்னு எத்தனையோ நாளு கணக்குப் போட்டு மண்டை காஞ்சிருக்கேன். பாவி, அவனுக்கு லைசன்ஸே இல்லை; எம்பட லைசன்ஸ் மேல ஏறி நின்னு என்னைய இறக்கியிருக்கான்.

"ஹாஸ்டலை ஒருக்கா பாக்கோணுமுங்க"ன்னேன். ஆபீசர் வேண்டாம்னு சொல்லலை. ரூமுக்குள்ள கால் வெச்சதுமே வாடை தெரிஞ்சுபோச்சு. எங்கப்பா பருத்திக்கு அடிச்ச மருந்து. காட்டுல அடிச்சாலே ரெண்டு நாளைக்கு அந்தப் பக்கம் போவக்கூடாதும்பாரு. அதைக் கொண்டாந்து ஜன்னல் சாத்துன ரூமுல, புள்ளைங்க படுக்கற மெத்தையில அடிச்சிருக்கான். போயி ஜன்னலைத் தொறந்து விட்டேன். நான் நின்ன பொறவு ஒடிசாவுல இருந்து வந்து சேந்த ஒரு புள்ளை மட்டும் லீவு போட்டுட்டுப் படுத்திருந்துச்சு. ரெண்டு கையும் தடிப்புத் தடிப்பா இருந்துச்சு. "அக்கா, பூச்சி போகலை. மருந்து போட்டா கண்ணு எரியும், இருமல் வரும். தூக்கம் இல்லை"ன்னு அதுக்குத் தெரிஞ்ச தமிழ்ல சொல்லுச்சு. கதவுல மருந்தடிச்ச தேதி எழுதற அட்டை ஒட்டியிருந்தாங்க. மாசம் ஒரு வரி, எட்டு வரி, எட்டு கையெழுத்து. நான் யாருன்னு அந்தப் புள்ளைகிட்டச் சொல்லலை.

கீழ வந்ததும் ஆபீசர் டீ வாங்கிக் குடுத்தாரு. "மேடம், அந்த ஆளை நிறுத்திட்டோம். நாளைக்கு ஆடிட்டர் கேட்டா, ஆமா, நாந்தான் பண்ணேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க போதும். வர்ற மாசத்துல இருந்து காண்ட்ராக்ட் உங்களுக்குத்தான். பழைய ரேட்டு."

ராவெல்லாம் யோசிச்சேன்னு சொன்னா பொய்யி. டீயைக் குடிக்கறப்பவே முடிவு பண்ணிப்போட்டேன். இல்லைன்னு சொன்னா கையெழுத்து யாருதுன்னு கேள்வி வரும், என் லைசன்ஸ் அவன் கைக்கு எப்படிப் போச்சுன்னு கேள்வி வரும், ரினீவலுக்கு நான் அலைய வேண்டி வரும். ஆமான்னா ஊட்டுல அடுப்பெரியும். சொல்றதுக்கு வெக்கமாத்தான் இருக்குது. ஆனா அதுதான் நடந்துச்சு.

ஆடிட்டர் சின்ன வயசுப் பொண்ணு. பைலைப் பெரட்டிப் பாத்துட்டு, "இதெல்லாம் உங்க கையெழுத்துங்களா?"ன்னு கேட்டுச்சு.

"ஆமாங்க."

அவ்வளவுதான். அந்தப் பொண்ணு டிக் அடிச்சுட்டு அடுத்த பக்கம் திருப்பிருச்சு. ஊட்டுக்கு வந்து சொன்னதும் எங்க ஊட்டுக்காரரு "போ, வந்த வரைக்கும் வரட்டும்"னுட்டு இரும ஆரம்பிச்சாரு.

அடுத்த மாசம் மொத வேலையா ஹாஸ்டலுக்குத்தான் போனேன். ஆபீசருகிட்ட அரை நாளு வேணும்னு கறாராச் சொல்லி வாங்கிக்கிட்டேன். நல்ல மருந்து, எம்பட மருந்து. இதையாவது ஒழுங்காப் பண்ணிப்போடோணும்னு ஒரு எண்ணம். அட்டையில ஒன்பதாவது வரியில கையெழுத்துப் போட்டுட்டு டேங்கை இறக்குனேன். அதே ஒடிசாப் புள்ளை பக்கத்துல வந்து நின்னுச்சு. என்னைய நல்லா ஞாபகம் வெச்சிருந்துச்சு.

"அக்கா, இந்த தடவையும் அதே மருந்தா?"

"இல்ல கண்ணு. அது வேற ஆளு அடிச்சது. இது வேற மருந்து."

அந்தப் புள்ளை அட்டையைப் பாத்துச்சு. மை காயாத ஒன்பதாவது வரியில வெரலை வெச்சு, மெதுவா மேல கொண்டு போச்சு. எட்டு, ஏழு, ஆறு. மொத வரி வரைக்கும்.

"பேரு ஒண்ணுதானே அக்கா."

ஆடிட்டருகிட்ட ஆமான்னு சொல்ல எனக்கு அரை நிமிசம் ஆகலை. இந்தப் புள்ளை முன்னால கையுறையை மாட்டறாப்புல குனிஞ்சுக்கிட்டேன். அது தலைகாணியைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு, துப்பட்டாவை மடிச்சு மூக்கையும் வாயையும் இறுக்கிக் கட்டிக்கிட்டு வெளிய போயிருச்சு. நான் இன்னும் மருந்து பாட்டில் மூடியையே தொறக்கலை.