நக்கோ கோடு

மாலை ஐந்தே கால் மணி. முதலில் கண்ணில் படுவது சிவப்புக் கோடு. லாலாகுடா ரயில்வே குடியிருப்புக்குப் பின்னாலிருந்த கால்பந்து மைதானத்தில் மற்றக் கோடுகளெல்லாம் சுண்ணாம்பால் வெள்ளையாகக் கிடக்க, நடுக்கோடு மட்டும் இடித்த செங்கல் தூளால் போடப்பட்டிருக்கும். தண்ணீர் தெளித்த மண்ணில் அந்தத் தூள் விழுந்ததும் எழுகிற சூளை வாசனைதான் அன்று ஆட்டம் உண்டு என்பதற்கு எங்களுக்கு அடையாளம்.

நடுக்கோடு ஏன் சிவப்பு என்று வெளி அணிக்காரர்கள் கேட்பார்கள். எங்கள் பயிற்சியாளர் தேவராஜ் சார் பணிமனையில் சார்ஜ்மேன். பழுதுபார்த்த பெட்டி ஒவ்வொன்றையும் குனிந்து பார்த்து, சரி என்று சொல்லி அனுப்புவது அவர் வேலை. ஆட்டம் முடிந்ததும் எங்கள் கால்களையும் அப்படித்தான் பார்ப்பார். வரிசையாக உட்கார்ந்து கான்வாஸ் ஷூவின் அடியைத் தூக்கிக் காட்ட வேண்டும். விங்கரின் ஷூவில் வெள்ளை ஒட்டியிருக்க வேண்டும், ஓரக்கோட்டை விட்டு அவன் நகரவில்லை என்பதற்காக. பின்னால் நின்று தடுக்கும் பேக்கின் ஷூவில் சிவப்பு ஒட்டியிருக்கக் கூடாது, நடுக்கோட்டை அவன் தாண்டவில்லை என்பதற்காக. "ஃபிட்டர் வேலைய வெல்டர் செஞ்சா வண்டி ஓடுமாடா?" என்று கேட்பார். ஓடும் என்று சொல்லும் தைரியம் யாருக்கும் வந்ததில்லை. சிவப்பு இருந்தால் அடுத்த ஆட்டத்தில் இடமில்லை.

நான் ரைட் விங்கர். எனக்குப் பின்னால் ரைட் பேக் என் அண்ணன் மோகன். அணியிலேயே வேகமாக ஓடக்கூடியவன் அவன்தான். அவனைப் பின்னால் நிறுத்திவிட்டு, பாதி ஆட்டத்திலேயே மூச்சிரைக்கும் என்னை முன்னால் நிறுத்தியதில் சாருக்கு ஒரு நாளும் உறுத்தல் ஏற்பட்டதாகத் தெரியவில்லை. அண்ணன் பந்தோடு கோட்டை நெருங்கும்போதெல்லாம் சென்டர் ஃபார்வர்டு யூசுப் எதிர்முனையிலிருந்து, "மோகன் பாய், நக்கோ" என்று ராகம் போடுவான். வேண்டாம் என்பதற்கு வீட்டில் தமிழ் பேசியவன், தெலுங்கு பேசியவன் எல்லோருக்கும் பொதுவாக எங்கள் ஊரில் இருந்த சொல் அது. நாளடைவில் அந்தக் கோட்டுக்கே 'நக்கோ கோடு' என்று பெயர் விழுந்தது. அண்ணன் கோட்டின் முன்னால் கால் பதித்து நிற்பான், பந்தை எனக்குத் தள்ளுவான். என்னைக் கொடிக் கம்பத்தருகே இரண்டு பேர் மடக்குவார்கள், பந்து போய்விடும். மாலைக்கு மாலை இதுதான் நடந்தது, இதற்குப் பெயர் ஒழுங்கு.

அப்பா ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற ஓராண்டுகூட இல்லாத சமயத்தில், வேலைக்கு ஆள் எடுக்கும் ஆட்டம் ஒன்று எங்கள் மைதானத்திலேயே வந்தது. அதில் தேறினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் பணிமனையில் கலாசி வேலை, கடைநிலைதான் என்றாலும் நிரந்தரம். பன்னிரண்டாம் வகுப்பில் இரண்டு முறை தவறிய அண்ணனுக்கு வேறு வழி எதுவும் எங்கள் வீட்டாருக்குத் தெரியவில்லை. "அவன் உள்ள நொழஞ்சிட்டா குவார்ட்டர்ஸ் நம்ம கைலயே நிக்கும்" என்று அப்பா அரக்கோணத்துச் சொந்தங்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

ஆட்டத்தைப் பார்க்க இருவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். முதல் பாதி முடியும் நேரம், வழக்கம்போல் பந்து எனக்கு வந்தது, வழக்கம்போல் இரண்டு பேர் வந்தார்கள். பின்னாலிருந்து அண்ணனின் குரல், "உள்ள போடா" என்றது. அதுவரை நான் ஓரத்தை விட்டு உள்ளே போனதே இல்லை. போனேன். இருவரும் என்னோடு வந்தார்கள், ஓரம் காலியானது. அண்ணன் சிவப்பைத் தாண்டி எனக்கு வெளிப்பக்கமாக ஓடினான். பந்தைத் தள்ளினேன், அவன் உயரத் தூக்கி அடித்தான், யூசுப் தலையால் முட்டினான், கோல். நாற்காலியில் இருந்தவர்களில் ஒருவர் ரைட் பேக்கின் பெயர் என்ன என்று கேட்டார்.

இடைவேளையில் சார் அண்ணனிடம் ஷூவைத் தூக்கச் சொன்னார். ஊரே பார்த்த ஓட்டத்துக்கு ஷூவைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, ஆனாலும் குனிந்து பார்த்தார்.

"செவப்பு" என்றார். "ஒக்காரு."

இரண்டாம் பாதி முழுவதும் அண்ணன் உட்கார்ந்திருந்தான். வந்தவர்கள் எதிரணியின் லெஃப்ட் பேக்கை எடுத்துக்கொண்டார்கள். அவன் நடுக்கோட்டுப் பக்கமே வராதவன். அன்றிரவு சாப்பிடும்போது அப்பா, "குட்த்த வேலைய பாத்திருக்கலாம்" என்றார். கோல் விழுந்ததாமே என்று அம்மா கேட்டாள். "விழுந்துச்சு" என்று சொல்லிவிட்டு மோர் ஊற்றச் சொன்னார்.

அடுத்த ஆண்டு குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு ஹப்சிகுடாவில் வாடகைக்குப் போனோம். அண்ணன் இன்று தார்நாகாவில் பேட்டரிக் கடை நடத்துகிறான்.

இப்போது தொலைக்காட்சியில் எந்த ஆட்டத்தைப் போட்டாலும் இதுவே பேச்சு. விங்கர் உள்ளே வெட்டி வருகிறான், அவன் விட்டுப்போன ஓரத்தில் ஃபுல் பேக் ஏறுகிறான், சில அணிகளில் ஓரத்தையும் விட்டு நடுக்களத்துக்கே வந்து நிற்கிறான், பின்னால் நிற்க மட்டும் தெரிந்தவனுக்கு மதிப்பில்லை. இதை விளக்க அம்புக்குறி போட்ட படங்கள், கோட்டு அணிந்த மூன்று நிபுணர்கள். நவீனம் என்கிறார்கள். எனக்கு எரிச்சல்தான் வருகிறது. செங்கல் தூளைத் தாண்ட இத்தனை அம்புகள் எதற்கு?

அந்த மைதானம் இப்போது இல்லை. சிவப்புக் கோடு இருந்த இடத்தில் இருசக்கர வண்டிகள் நிற்கின்றன. ஆட்டம் முடிந்து ஷூவைத் தூக்கிப் பார்ப்பவரும் எங்கும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஹப்சிகுடாவில் செயற்கைப் புல் மைதானம் ஒன்றுக்கு அண்ணனோடு போனேன். அவன் மகன் கார்த்திக், பதினான்கு வயது, ரைட் பேக். தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்கிறவன். வெளியூர்ப் போட்டிக்கு அன்று அணி தேர்ந்தெடுத்தார்கள். முன்னால் ஏறி ஓடாவிட்டால் வேறு ஆளைப் போடுவேன் என்று பயிற்சியாளர் அவனிடம் முன்பே சொல்லியிருந்தார். நாங்கள் வலைக்கு வெளியே நின்றோம். விங்கர் உள்ளே வெட்டினான், இரண்டு பேர் அவனோடு போனார்கள், ஓரம் காலியானது. கார்த்திக் ஓடத் தொடங்கினான். அண்ணன் வலையை இரண்டு கைகளாலும் பற்றினான். போடா என்று கத்தப்போகிறான் என்றுதான் நினைத்தேன்.

"நக்கோ" என்றான் அண்ணன்.

கார்த்திக் நடுக்கோட்டில் நின்றுவிட்டான். பந்து யாருமில்லாத ஓரத்தில் உருண்டு வெளியே போயிற்று.

"கைக்குடா?" என்று, ஏன் என்பதற்கு எங்கள் ஊரில் இருந்த சொல்லிலேயே கேட்டேன். அண்ணன் வலையிலிருந்து கையை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

இடைவேளைக்குப் பிறகு ரைட் பேக்காக வேறொரு பையன் இறங்கினான்.