மோவாய் முடி வெளுப்பதற்குள்

பெரம்பலூரில் எனக்குத் தெரியாதவர்கள் குறைவு. பல வருடங்களாக அங்கே செய்தியாளராக இருப்பவளுக்கு அது வசதி. மோவாயில் முளைக்கும் முடியை லேசர் வைத்து எடுக்கப் போகிறவளுக்கு அது வசதியில்லை. அதனால் அரியலூரில் ஒரு தோல் மருத்துவரிடம் நேரம் வாங்கினேன்.

முப்பதைத் தாண்டிய பிறகு வந்த முடி அது. காலையில் ப்ளக்கரால் பிடுங்கினால் மறுநாள் பக்கத்தில் இன்னொன்று குத்தும். பேட்டி எடுக்கும்போது என் இடது கை தானாக மோவாயை மூடிக்கொள்ளும். ஆழமாக யோசிக்கிறேன் என்று எதிரில் இருப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். இப்போது அலுவலகம் எங்களைக் கேமரா முன்னால் நின்று செய்தி சொல்லச் சொல்கிறது. ஒரு கையில் மைக் இருக்கும். இன்னொரு கையை முகத்தில் வைத்துக்கொண்டு செய்தி சொல்ல முடியாது.

மருத்துவரிடம் போவதற்கு முந்தின நாள் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இப்படியேவா போவப்போற? பொம்பள டாக்டரு. என்னடி இவ இப்படி வந்து ஒக்காந்துருக்காளேன்னு நெனக்கமாட்டாங்க? பார்லருக்குப் போயி சுத்தம் பண்ணிட்டுப் போ."

எனக்கும் அது சரியாகவே பட்டது. விருந்தாளி வருவதற்கு முன் வீட்டைப் பெருக்குகிற ஊர் நாங்கள். மாலையே த்ரெட்டிங் செய்துகொண்டேன். மறுநாள் காலை, சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்த பஸ்ஸில், வழவழப்பான முகத்தோடு அரியலூர் போய்ச் சேர்ந்தேன்.

மருத்துவர் விளக்கோடு கூடிய பூதக்கண்ணாடியை என் மோவாய்க்கு மேலே இழுத்தார்.

"முடி எங்கங்க?"

"நேத்துதான் எடுத்தேன் டாக்டர்."

அவர் சிரித்துவிட்டார். "வர்றவங்கள்ல பாதிப் பேரு இப்படித்தான் தொடச்சு வெச்சுட்டு வர்றாங்க. எதைங்க நான் சுடுறது?"

பிறகு விளக்கினார். லேசர் ஒளி முடியின் கருநிறத்தைப் பிடித்துக்கொண்டு வேர் வரைக்கும் இறங்கிச் சுடும். நூலால் இழுத்தால் வேரோடு வந்துவிடும். ஒளி இறங்க வழியே இருக்காது. ஆறு வாரம் பிடுங்கக் கூடாது. தேவைப்பட்டால் ரேசரால் மழிக்கலாம், வேர் உள்ளேயே இருக்கும். அதற்குள் ஹார்மோனுக்கு ரத்தப் பரிசோதனை செய்துவிட வேண்டும். ஒரே தடவையில் போகாது, பல தடவை வர வேண்டும். போன பிறகும் சில முடி திரும்ப வரலாம்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். கடைசியாகச் சொன்னதுதான் தைத்தது.

"ஒண்ணு ரெண்டு வெள்ளை இருந்திருக்குமே? வெள்ளைக்கு லேசர் கேக்காதுங்க. கருப்பா இருக்குறப்பவே எடுத்துடணும்."

எனக்கு நாற்பத்து மூன்று வயது. த்ரெட்டிங்கால் தொலைத்த ஆறு வாரத்தில் எத்தனை வெளுக்கும் என்று அவரிடம் கேட்கவில்லை. பஸ் ஏறியதும் போன் கேமராவைத் திருப்பி வைத்து மோவாயைப் பார்த்தேன். அங்கே பார்க்க ஒன்றுமே இல்லை. அப்படியும் பெரம்பலூர் வரை பார்த்துக்கொண்டே வந்தேன்.

முடி வளர விட்ட நாட்களில் ஓரிடத்தில் என்னால் உட்கார முடியவில்லை. ஸ்கூட்டி கண்ணாடி, கலெக்டர் ஆபீஸ் லிப்டின் எஃகுக் கதவு, டீக்கடையின் பிஸ்கட் பாட்டில் என்று முகம் தெரிகிற எதையும் விடவில்லை. ப்ளக்கரை அம்மாவிடம் கொடுத்து ஒளித்து வைக்கச் சொன்னேன். இரண்டாம் நாளே திரும்பக் கேட்டேன். அவர் தரவில்லை. வெளியே முகக்கவசம் போட்டுக்கொண்டேன்.

"என்னக்கா, கொரோனா நியூஸ் ஒங்களுக்கு மட்டும் முன்னாடியே வந்துருச்சா?" என்றார் கூட வேலை செய்யும் கேமராக்காரர்.

"தூசி அலர்ஜி" என்றேன். இந்தப் பக்கம் அதை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

முதல் அமர்வுக்கு முந்தின நாள், வாங்கி வைத்திருந்த ரேசரை எடுத்தேன். அம்மா குளியலறை வாசலில் வந்து நின்றுகொண்டார்.

"மூஞ்சியில பிளேடு வெக்கிறியா? ஆம்பள மாதிரி மொளச்சுப்புடும்டி."

"டாக்டர்தாம்மா சொன்னாங்க."

"டாக்டரு மூஞ்சியிலயா மொளைக்கப் போவுது?"

கண்ணாடியைப் பார்த்தபடியே மழித்தேன். அதிகம் போனால் ஒரு நிமிடம். அவர் நகரவே இல்லை.

அரியலூரில் கண்ணை மூடுகிற கருப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டார்கள். குளிர்ந்த களிம்பு தடவினார்கள். முந்தின தடவை காதோரம் ஒரு புள்ளியில் சுட்டுப் பார்த்திருந்தார்கள். அங்கே கருக்கவில்லை. மாநிறத் தோலுக்கு ஏற்றபடி அளவு வைத்திருப்பதாக உதவியாளர் சொன்னார். ரப்பர் பேண்டை இழுத்து விட்டதுபோல் ஒவ்வொரு சுடுதலும் சுள்ளென்றது. முடி கருகும் நாற்றம் வந்தது.

"வலிக்குதாக்கா?"

"இல்ல. இன்னும் கொஞ்சம் கூட்டி வைங்களேன்."

"எல்லாரும் கொறைங்கம்பாங்க. நீங்க ஒருத்தர்தான் கூட்டச் சொல்றீங்க. வெந்துரும்க்கா."

எனக்கு அவசரம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

மோவாய் மறுநாள் வரை சிவந்திருந்தது. வெயில் படக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். ஒரு வாரத்தில் கரும்புள்ளிகளாக முடி வெளியே வந்தது. பதறிப் போய்ப் போன் செய்தேன். அது வளர்வதில்லை, செத்த முடி உதிர்கிறது, கை வைக்காதீர்கள் என்றார்கள். சில நாளில் முகம் துடைக்கும்போது துண்டோடு வந்தது. அதன் பிறகு மோவாய் சும்மா இருந்தது.

ஐந்தாவது அமர்வில் மருத்துவர் பூதக்கண்ணாடியைத் தள்ளி வைத்தார்.

"கருப்பு ஏறக்கொறைய போயிடுச்சுங்க. மிச்சம் நாலு வெள்ளை. அதுக்கு கரண்ட் ஊசி இருக்கு, ஒவ்வொரு வேரா குத்திச் சுடுவாங்க, அது நெறம் பாக்காது. திருச்சிக்குத்தான் போவணும். இல்ல, நீங்களே பிடுங்கிக்கலாம். இனிமே அதைப் பிடுங்குறதுல தப்பில்ல."

முதலிலேயே மழித்துவிட்டுப் போயிருந்தால் அந்த நான்கும் கருப்பாகவே மாட்டியிருக்குமா என்று வழியெல்லாம் கணக்குப் போட்டேன். அந்தக் கேள்விக்கு விடை கிடையாது. தெரிந்தும் விட முடியவில்லை.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா என்னை விளக்கடியில் உட்கார வைத்து மோவாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தடவியும் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றவர், முந்தானையால் தன் மோவாயைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "எனக்கும் லேசர் அடிப்பாங்களா?"

நிமிர்ந்து பார்த்தேன். அவருடைய முகத்தை அத்தனை பக்கத்தில் வைத்து நான் பார்த்ததே இல்லை. அங்கே இருந்தது எல்லாமே வெள்ளை.

"வெள்ளைக்குக் கேக்காதும்மா."

"ஓ" என்றார். தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார். "கருப்பா இருந்தப்ப இந்த மெஷினெல்லாம் எங்க இருந்துச்சு?"

நான் போனை எடுத்து, திருச்சியில் கரண்ட் ஊசி போடுகிற இடத்தைத் தேடத் தொடங்கினேன், இரண்டு பேருக்கும் சேர்த்து.